ஒரே தாக்குதல், மூன்று நட்டக் கணக்கு: ரான்சம்வேர் பாதிப்பை அளப்பது எப்படி?

2025 ஆகஸ்ட் கடைசியில் டாடா குழுமத்தைச் சேர்ந்த ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனத்தின் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாயின. செப்டம்பர் முழுக்க உற்பத்தி நின்றது. அக்டோபர் 8ஆம் தேதிதான் ஆலைகள் படிப்படியாக ஓடத் தொடங்கின. அதன்பின் வந்த செய்திகளில் மூன்று எண்கள் அடிபட்டன. தாக்குதலுக்கான செலவு 19.6 கோடி பவுண்டு என்றது நிறுவனத்தின் காலாண்டு அறிக்கை. அதே அறிக்கையில், வரிக்கும் சிறப்பு இனங்களுக்கும் (வழக்கமாக வராத, தனியாகக் காட்டும் செலவுகள்) முந்தைய நஷ்டம் 48.5 கோடி பவுண்டு என்றும் இருந்தது. முந்தைய ஆண்டு அதே காலாண்டில் 39.8 கோடி லாபம் வந்திருந்தது. கணினித் தாக்குதல்களின் நட்டத்தை மதிப்பிடும் பிரிட்டன் அமைப்பான சைபர் மானிட்டரிங் சென்டர் சொன்ன எண்ணோ 190 கோடி பவுண்டு.

எது சரி? மூன்றும் சரிதான், மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். முதல் எண், தாக்குதலைச் சமாளிக்க நேரடியாகச் செலவழித்த பணம். இரண்டாவது, ஆலை ஓடாத நாட்களின் விற்பனை இழப்பு அந்தக் காலாண்டின் கணக்கில் விழுந்த விதம். அமெரிக்க இறக்குமதி வரி போன்ற வேறு காரணங்களும் அதில் கலந்திருக்கின்றன. மூன்றாவது, உதிரிபாகம் தருபவர்கள், டீலர்கள் என 5,000க்கும் மேற்பட்ட பிரிட்டன் நிறுவனங்களின் இழப்பையும் சேர்த்த மதிப்பீடு. எந்த வகைத் தாக்குதல் என்பதை ஜாகுவார் வெளியிடவில்லை. ஆனால் கணினி முடங்கினால் தொழிலுக்கு என்ன ஆகும் என்று அளக்கும் முறை எல்லாத் தாக்குதலுக்கும் பொதுவானது. ரான்சம்வேரில் அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## முதலில், தாக்குதல் என்ன செய்கிறது

ரான்சம்வேர் என்பது கோப்புகளை ரகசியக் குறியீடாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் தீநிரல். கேட்கும் பணம்தான் பிணைத்தொகை. கடந்த சில ஆண்டுகளாக இதில் இன்னொரு அடுக்கும் சேர்ந்துவிட்டது: பூட்டுவதற்கு முன்பே தரவை வெளியே நகலெடுத்துக்கொண்டு, பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்று மிரட்டுவது. ஆகவே பாதிப்பையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலை நின்றதால் வரும் நட்டம் நாள் கணக்கில் வளரும். தரவு திருடுபோனதால் வரும் நட்டம் வழக்கு, அபராதம், வாடிக்கையாளர் விலகல் என மாதங்கள் கழித்து வரும். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் கணக்கு குழம்பும்.

இன்னொன்றும் உண்டு. திரை கறுத்துப்போகும் அந்த நாள் தாக்குதலின் முதல் நாளாக இருப்பதில்லை. அயர்லாந்தின் பொதுச் சுகாதார அமைப்பான எச்.எஸ்.இ.யில் 2021 மார்ச் 18ஆம் தேதி ஒரு பணியாளர் மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பைத் திறந்தார். கோப்புகள் பூட்டப்பட்டது மே 14ஆம் தேதி. நடுவில் எட்டு வாரம் தாக்குபவர்கள் உள்ளேயே இருந்தார்கள். அந்த எட்டு வாரத்தில் எடுத்த பேக்கப்களை (தரவின் காப்பு நகல்களை) எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது.

## சர்வரை எண்ணாதீர்கள், வேலையை எண்ணுங்கள்

பாதிப்பை அளக்கச் சொன்னால் ஐ.டி. துறை பெரும்பாலும் ஒரு சர்வர் பட்டியலைத் தரும். அதிலிருந்து நட்டத்தைக் கணக்கிட முடியாது. அளக்க வேண்டிய அலகு வேலை: ஆர்டர் எடுப்பது, உற்பத்தித் திட்டம் போடுவது, இன்வாய்ஸ் அடிப்பது, இ-வே பில் எடுத்து வண்டியை அனுப்புவது, சம்பளம் போடுவது. ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் எந்த மென்பொருள், எந்தத் தரவு, எந்த ஆள் என்று கீழே இறங்கிப் போக வேண்டும்.

இதற்கு நார்வேயின் அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோவைவிடத் தெளிவான பாடம் இல்லை. 2019 மார்ச் 18ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி லாக்கர்கோகா என்ற ரான்சம்வேர் அதன் நெட்வொர்க்கில் பரவியது. சுமார் 35,000 பேர் வேலை செய்யும் நிறுவனம் அது. காலையில் அலுவலகத்துக்கு வந்தவர்களை வாசல் கதவில் ஒட்டிய தாள்தான் வரவேற்றது: நெட்வொர்க்கில் எந்தக் கருவியையும் இணைக்காதீர்கள், இணைந்திருக்கும் எதையும் இயக்காதீர்கள். மின்னஞ்சல் இல்லாத நிலையில் அறிவிப்புக்குக் காகிதம்தான் மிஞ்சியது.

தாக்குதல் ஒன்றே, ஆனால் நிறுவனத்தின் பிரிவுகள் பட்ட அடி ஒன்றாக இல்லை. அலுமினியத்தை உருக்கி எடுக்கும் ஆலைகள் கூடுதல் கைவேலையோடு தொடர்ந்து ஓடின. அங்கே செய்முறை நாள்தோறும் ஏறக்குறைய ஒன்றுதான், அனுபவமுள்ள ஆட்கள் கையாலேயே பார்த்துக்கொள்ள முடியும். அலுமினியத்தை அச்சில் தள்ளி ஜன்னல் சட்டம், வாகனப் பாகம் என வடிவமாக்கும் எக்ஸ்ட்ரூஷன் பிரிவோ முதல் நாட்களில் ஏறத்தாழ பாதித் திறனுக்கு இறங்கியது. அங்கே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி அச்சு, தனி உலோகக் கலவை, தனி நீளம். எந்த ஆர்டருக்கு எந்த அச்சு என்ற விவரம் கணினியில் பூட்டிக்கிடந்தால் இயந்திரம் நன்றாக இருந்தும் பயனில்லை. கட்டடப் பாகங்கள் செய்யும் பிரிவு கிட்டத்தட்ட முழுவதுமாக நின்றது.

ஹைட்ரோ பிணைத்தொகை தரவில்லை. முதல் வாரத்துக்கு அது வெளியிட்ட முதற்கட்ட மதிப்பீடு 30 முதல் 35 கோடி நார்வே குரோன். 2019இன் முதல் அரையாண்டு முழுமைக்கும் 55 முதல் 65 கோடி குரோன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், நட்டத்தில் ஏறக்குறைய பாதி முதல் வாரத்திலேயே நேர்ந்திருக்கிறது. பெரும்பகுதி எக்ஸ்ட்ரூஷன் பிரிவினுடையது. இந்த வேறுபாட்டை எந்தச் சர்வர் பட்டியலும் முன்கூட்டிக் காட்டியிருக்காது. வேலைப் பட்டியல் காட்டியிருக்கும்.

தாக்கப்பட்டது எவ்வளவு என்பதோடு, நீங்களே அணைத்தது எவ்வளவு என்பதையும் சேர்க்க வேண்டும். 2021 மே 7ஆம் தேதி அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் தாக்கப்பட்டபோது, எரிபொருள் குழாயை நிறுத்தியது தாக்கியவர்கள் இல்லை. பரவிவிடக் கூடாது என்று நிறுவனமே நிறுத்தியது. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் எரிபொருளில் சுமார் 45 சதவீதம் அந்தக் குழாயில் போகிறது. எந்தப் பகுதியைத் தனியாகக் கழற்றிவிட்டு மற்றதை ஓட்ட முடியும் என்று முன்பே தெரியாதவர்கள் எல்லாவற்றையும் அணைக்கத்தான் செய்வார்கள்.

## ஒரு நாள் நின்றால் எவ்வளவு: பங்களிப்புக் கணக்கு

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வாகன உதிரிபாகம் செய்கிறது, ஒரு நாள் விற்பனை ₹40 லட்சம். மூலப்பொருள், லாரி வாடகை, ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) என உற்பத்தியோடு கூடிக் குறையும் செலவு ₹28 லட்சம். மீதி ₹12 லட்சம்தான் பங்களிப்பு. அதில் சம்பளம், வட்டி, வாடகை என ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும் நிலைச் செலவு ₹9 லட்சம், லாபம் ₹3 லட்சம்.

12 வேலை நாள் பாதிப்பு என்று வைப்போம். விற்பனையை நட்டமாக எழுதுபவர் 40 × 12 = ₹480 லட்சம் என்பார். மூலப்பொருள் வாங்காததால் மிஞ்சிய பணத்தை அவர் கழிக்கவில்லை. லாபத்தை மட்டும் எழுதுபவர் 3 × 12 = ₹36 லட்சம் என்பார். சம்பளமும் வட்டியும் நிற்காமல் போய்க்கொண்டிருப்பதை அவர் மறந்துவிட்டார். சரியான அடிப்படை ₹12 லட்சப் பங்களிப்பு. அதிலிருந்து இப்படிப் போக வேண்டும்:

1. வேலை திரும்பும் வேகம். 12 நாளும் முழுதாக நிற்பதில்லை. முதல் 4 நாள் ஒன்றுமில்லை. அடுத்த 4 நாள் காகிதத்தை வைத்து 30 சதவீதம். கடைசி 4 நாள் 60 சதவீதம் என்று கொள்வோம். இழந்த பங்கு 4 + 2.8 + 1.6 = 8.4 முழு நாட்கள். இழந்த பங்களிப்பு 8.4 × 12 = ₹100.8 லட்சம்.

2. தள்ளிப்போனதும் தொலைந்துபோனதும். தள்ளிப்போன ஆர்டரைப் பிறகு ஓவர்டைம் போட்டு முடித்துத் தரலாம். தொலைந்தது வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. பாதி திரும்பக் கிடைத்ததாகக் கொண்டால் ₹50.4 லட்சம் மீள்கிறது. ஆனால் ஓவர்டைம், அவசர வண்டி, விமானச் சரக்கு என்று அதற்கு ₹14 லட்சம் செலவாகிறது.

3. மீட்புச் செலவு. தடய ஆய்வு நிபுணர்கள், புதிய டிஸ்க்குகள், உரிமங்கள், வெளி ஆட்கள்: ₹35 லட்சம்.

4. வாடிக்கையாளர் பிடித்தம். உங்கள் பாகம் வராமல் கார் கம்பெனியின் லைன் நின்றால், அந்த நட்டத்தை உங்கள் பில்லில் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் வரும்: ₹18 லட்சம்.

மொத்தம்: 100.8 − 50.4 + 14 + 35 + 18 = ₹117.4 லட்சம். ₹480 லட்சமும் இல்லை, ₹36 லட்சமும் இல்லை.

இரட்டைக் கணக்கு ஒன்று கிட்டத்தட்ட எல்லா அறிக்கையிலும் நுழைந்துவிடுகிறது. "ஆட்கள் சும்மா உட்கார்ந்த சம்பளம்" என்று ஒரு தனி வரி. அந்தச் சம்பளம் ஏற்கெனவே ₹9 லட்ச நிலைச் செலவில் இருக்கிறது, அதாவது இழந்த பங்களிப்புக்குள் வந்துவிட்டது. மறுபடி கூட்டக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்காக நட்டத்தை மதிப்பிடும் சர்வேயர் முதலில் நீக்குவது இந்த வரியைத்தான்.

இரண்டாவது படியில் உள்ள விகிதம் தொழிலுக்குத் தொழில் மாறும். கார் வாங்க முன்பணம் கட்டியவர் ஒரு மாதம் பொறுப்பார். கோடைக்குச் சட்டை வாங்க வந்தவர் பொறுக்க மாட்டார். பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2025 ஏப்ரல் 25 முதல் ஜூன் 10 வரை, 46 நாட்கள், இணைய ஆர்டர்களை நிறுத்தியிருந்தது. செயல்பாட்டு லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்டு அடி என்று நிறுவனமே மதிப்பிட்டது. உங்கள் தொழிலின் விகிதம் எவ்வளவு என்பதை விற்பனைத் துறைதான் சொல்ல முடியும். பழைய வேலைநிறுத்தம், வெள்ளம், இயந்திரப் பழுது போன்ற நாட்களுக்குப் பின் எத்தனை ஆர்டர் திரும்பி வந்தது என்று கணக்கில் பார்த்தால் நம்பகமான எண் கிடைக்கும்.

தேதியையும் கவனிக்க வேண்டும். மாதத்தின் நடுவில் இரண்டு நாள் நிற்பதும், ஜி.எஸ்.டி. தாக்கல் நாளிலோ சம்பள நாளிலோ இரண்டு நாள் நிற்பதும் ஒன்றல்ல. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் 4 மணி நேரம், 1 நாள், 3 நாள், 1 வாரம், 2 வாரம் என்று கட்டம் போட்டு, நட்டம் எந்தக் கட்டத்தில் திடீரென்று ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடம்தான் அந்த வேலையின் பொறுக்கக்கூடிய எல்லை.

## எத்தனை நாள் நிற்கும்?

மேலே 12 நாள் என்றோம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வேலை எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று வைக்கும் வரையறைக்கு மீட்பு நேர இலக்கு என்று பெயர். பல நிறுவனங்களின் ஆவணத்தில் இது "4 மணி நேரம்" என்று இருக்கும். ஒரு டிஸ்க் பழுதானால் அது நடக்கும். ரான்சம்வேரில் நடக்காது. ஏனென்றால் வரிசை இது:

1. நெட்வொர்க்கைத் துண்டித்து, பரவுவதை நிறுத்துதல்.
2. தடயத்தைக் கெடுக்காமல் டிஸ்க் நகல் எடுத்தல். காப்பீட்டுக்கும் காவல்துறைக்கும் இது தேவை. அவசரத்தில் சர்வரை அழித்து மறுபடி நிறுவியவர்களுக்கு, ஆள் எந்த வழியாக உள்ளே வந்தான் என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.
3. எந்தத் தேதி பேக்கப் சுத்தமானது என்று கண்டுபிடித்தல்.
4. யார் யார், யாருக்கு என்ன அனுமதி என்று வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியைத் தனிச் சூழலில் புதிதாக எழுப்புதல். இது வராமல் மற்ற எதிலும் லாகின் செய்ய முடியாது.
5. தரவுத்தளம், அதன்மேல் இ.ஆர்.பி. (ஆர்டர், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்), அதன்பின் வங்கி, ஜி.எஸ்.டி. போர்ட்டல், வாடிக்கையாளர் இணைப்புகள்.
6. இடைப்பட்ட நாட்களில் காகிதத்தில் எழுதியவற்றைக் கணினியில் ஏற்றுதல்.

மூன்றாவது, நான்காவது படிகள்தான் நாட்களை விழுங்குகின்றன. ஐந்தாவதில் ஒரு எளிய வகுத்தல் கணக்கு இருக்கிறது, பலர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. பேக்கப்பில் 20 டெராபைட் இருக்கிறது, நெட்வொர்க் நொடிக்கு 1 ஜிகாபிட் என்று வையுங்கள் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்). ஏட்டுக் கணக்கில் மணிக்கு 450 ஜிகாபைட். நடைமுறையில் 60 சதவீதம் கிடைத்தால் 270. 20,000 ஜிகாபைட்டை 270ஆல் வகுத்தால் 74 மணி நேரம். தரவை நகர்த்த மட்டுமே மூன்று நாளுக்கு மேல்! பேக்கப் இருக்கிறது என்பதும் திங்கட்கிழமை வேலை தொடங்கும் என்பதும் ஒன்றல்ல என்பதை இந்த ஒரு வரி காட்டிவிடும்.

ஆறாவது படியை எல்லோரும் மறக்கிறார்கள். 8 நாள் காகிதத்தில் ஓடியது, நாளுக்கு 150 சீட்டு, ஒன்றை ஏற்ற 4 நிமிடம் என்றால் 80 மணி நேர வேலை. இரண்டு பேர் ஐந்து நாள் வேறெதுவும் செய்யாமல் உட்கார வேண்டும். அதுவரை இருப்புக் கணக்கு தவறாகவே காட்டும். கிடங்கில் இல்லாத பொருளுக்கு ஆர்டர் எடுப்பீர்கள்.

## எவ்வளவு தரவு திரும்பாது?

கடைசிச் சுத்தமான பேக்கப்புக்கும் தாக்குதலுக்கும் நடுவே உள்ள தரவு போனதுதான். எவ்வளவு கால இடைவெளியைத் தாங்க முடியும் என்பது தரவு இழப்பு இலக்கு. இலங்கை அரசின் மின்னஞ்சலுக்கு நேர்ந்தது இதற்குக் கசப்பான சான்று. 2023 ஆகஸ்டில் அரசு அலுவலகங்களின் பொதுக் கணினிச் சேவையான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் ரான்சம்வேரால் தாக்கப்பட்டபோது, இணைய வழிப் பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. துண்டித்து வைத்த நகல் இல்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் போயின. அமைப்பு சீக்கிரமே திரும்ப ஓடியது. ஆனால் மூன்று மாதத்துக்கும் மேலான அரசுக் கடிதப் போக்குவரத்து திரும்பவில்லை. நேரத்தை மட்டும் அளந்திருந்தால் இதைச் சிறிய சம்பவம் என்று எழுதிவிடலாம். அதனால்தான் இரண்டு இலக்குகளும் தனித்தனியாக வேண்டும்.

## பணம் கட்டினால் நாட்கள் குறையுமா?

நிர்வாகக் குழு கேட்கும் முதல் கேள்வி இது. நடந்ததைப் பாருங்கள்.

எச்.எஸ்.இ.க்குத் தாக்கியவர்களே ஆறு நாளில், மே 20ஆம் தேதி, திறவுகோலை இலவசமாகத் தந்துவிட்டார்கள். அப்படியிருந்தும் 1,087 செயலிகளில் 1,075ஐ மீட்டெடுக்க செப்டம்பர் 21 ஆயிற்று. நான்கு மாதம். கொலோனியல் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கட்டியது. கிடைத்த கருவி மெதுவாக ஓடியதால் தன் சொந்தப் பேக்கப்பையே நம்பியது. அமெரிக்க மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் 2024இல் 2.2 கோடி டாலர் கட்டியது. திருடிய தரவு இன்னும் எங்களிடம் இருக்கிறது என்று வேறொரு குழு மறுபடி மிரட்டியது. அந்த ஆண்டு தாய் நிறுவனமான யுனைட்டெட் ஹெல்த் கணக்கில் காட்டிய மொத்தப் பாதிப்பு சுமார் 310 கோடி டாலர். பிணைத்தொகை அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

திறவுகோல் கிடைத்தாலும் மேலே சொன்ன வரிசையில் ஒரு படிகூடக் குறைவதில்லை. கோப்பு திறக்கும், சர்வர் சுத்தமாகாது. ஆகவே நட்டக் கணக்கில் "பணம் கட்டினால் பாதிப்பு பூஜ்யம்" என்ற வரியை வைக்கவே கூடாது. பேக்கப் அறவே இல்லாதவருக்குத் திறவுகோல் தரவைத் திருப்பித் தரலாம். நாட்களைத் திருப்பித் தராது.

## லாபத்தைவிடக் கையிருப்பு முக்கியம்

நிறுவனங்களை மூடவைப்பது பெரும்பாலும் மொத்த நட்டம் இல்லை, ஏதோ ஒரு வாரத்தில் கையில் பணம் இல்லாமல் போவது. நம் கற்பனை நிறுவனத்துக்கே வருவோம். வாடிக்கையாளர் 45 நாள் கடனில் வாங்குகிறார். தாக்குதல் நடந்த வாரத்தில் வங்கிக்குப் பணம் வந்துகொண்டுதான் இருக்கும், அது பழைய இன்வாய்ஸ்களின் பணம். இன்வாய்ஸ் அடிக்காத நாட்களின் பள்ளம் 45 நாள் கழித்து வரும். எல்லாம் முடிந்தது என்று மூச்சுவிட்ட பிறகு! ஓவர்டைமில் மீட்ட ₹50.4 லட்சம் அதற்கும் பின்னால்தான் வசூலாகும். அதற்கு முன்பே கூடுதல் செலவுகள் 14 + 35 + 18 = ₹67 லட்சம் வெளியே போயிருக்கும். ஆகவே அதிகபட்சப் பற்றாக்குறை 100.8 + 67 = ₹167.8 லட்சம். இறுதி நட்டம் ₹117.4 லட்சமாக இருந்தாலும் வங்கியிடம் பேச வேண்டிய எண் இதுதான். முன்பே ஆர்டர் கொடுத்த மூலப்பொருள் வந்து இறங்கினால் இன்னும் கூடும்.

பிரிட்டனின் கே.என்.பி. லாஜிஸ்டிக்ஸ் குழுமத்தில் நடந்தது இந்த வகை முடிவு. அதன் நைட்ஸ் ஆஃப் ஓல்டு 158 ஆண்டுப் பழமையான சரக்கு வண்டி நிறுவனம். 2023 ஜூனில் ரான்சம்வேர், செப்டம்பரில் திவால் நிர்வாகம், 700க்கும் மேற்பட்டோருக்கு வேலை போனது. நிதி விவரங்கள் பாதிக்கப்பட்டதால் புதிய முதலீட்டையும் கடனையும் திரட்ட முடியவில்லை என்பது நிர்வாகிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. கடன் தருபவர் கேட்கும் கணக்கே பூட்டிக்கிடந்தால் நல்ல நிறுவனத்துக்கும் கடன் கிடைக்காது. எவ்வளவு பெரிய நிறுவனமும் இதிலிருந்து தப்புவதில்லை: ஹைட்ரோகூட 2019இன் முதல் காலாண்டு முடிவுகளை ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போட நேர்ந்தது. வேலைப் பட்டியலில் "கணக்கை முடித்தல்" என்பதையும் ஒரு வரியாக வையுங்கள்.

## திருடுபோன தரவும் சட்டமும்

இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி இத்தகைய சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; கணினியில் எப்போது என்ன நடந்தது என்று காட்டும் லாக் பதிவுகளை 180 நாளுக்கு வைத்திருக்க வேண்டும். லாக் இல்லாவிட்டால் எந்தத் தரவு வெளியே போனது என்று நிரூபிக்க முடியாது, எல்லாம் போனதாகவே கொள்ள வேண்டிவரும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போதிய பாதுகாப்பு வைக்காததற்கு ₹250 கோடி வரை அபராதத்துக்கு இடம் தருகிறது. கணக்கில் இந்த வரியை ஒற்றை எண்ணாக எழுத வேண்டாம். குறைந்தது, அதிகம் என்று இரண்டு எல்லை போதும்.

## உங்கள் சர்வர் நன்றாக இருந்தாலும்

2024 ஜூலை 31ஆம் தேதி, வங்கிகளுக்குக் கணினிச் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனத்தில் ரான்சம்வேர் பாதிப்பு என்று, அதன் இணைப்பை யு.பி.ஐ. போன்ற பரிவர்த்தனைகளை நடத்தும் என்.பி.சி.ஐ. துண்டித்தது. சி-எட்ஜின் சேவையை நம்பியிருந்த சுமார் 300 கூட்டுறவு, வட்டார கிராம வங்கிகளின் பணப் பரிவர்த்தனை நின்றது. அந்த வங்கிகளின் சொந்தக் கணினிகளில் கோளாறு இல்லை. மறுநாள் இணைப்பு திரும்பியது. வேலைப் பட்டியலில் வெளி நிறுவனத்தை நம்பியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அவர்கள் ஒரு வாரம் இல்லாவிட்டால் என்ன செய்வோம் என்று எழுத வேண்டும். எதிர்த்திசையிலும் இதே கேள்வி உண்டு. உங்கள் பெரிய வாடிக்கையாளரின் ஆலை நின்றால் உங்கள் சரக்கு எங்கே போகும்? ஜாகுவாருக்கு உதிரிபாகம் தந்தவர்கள் தங்கள் கணினியில் ஒரு கோப்பும் பூட்டப்படாமலேயே ஒரு மாதத்துக்கு மேல் ஆர்டர் இல்லாமல் இருந்தார்கள். 190 கோடியில் கணிசமான பங்கு இப்படிப்பட்டவர்களுடையது.

## செலவுப் பதிவேட்டை முதல் நாளே தொடங்குங்கள்

காப்பீடு உள்ளவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். தொழில் தடைக்கான இழப்பீட்டில் பொதுவாக முதல் 8 முதல் 12 மணி நேரம் சேராது. அதற்குப் பிந்தைய நட்டத்தையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஹைட்ரோ 2019இன் மூன்றாம் காலாண்டில் கணக்கில் எடுத்த இழப்பீடு 3.3 கோடி குரோன். மேற்கொண்டு தொகைகள் பின்னால் வந்தன, ஆனால் 55 கோடிக்கு மேல் போன இடத்தில் ஆறு மாதம் கழித்துக் கையில் வந்தது அவ்வளவுதான்.

ஆகவே தாக்குதல் தெரிந்த அன்றே கணக்குத் துறையில் ஒருவரை இதற்கென்றே அமர்த்துங்கள். கணினி இல்லாவிட்டால் நீளப் பதிவேடு போதும். ஒவ்வொரு நாளும் ஆறு பத்திகள்: எந்த வேலை எத்தனை சதவீதம் ஓடியது; ரத்தான ஆர்டர், வாடிக்கையாளர் பெயர், தொகை; தள்ளிப்போன ஆர்டர், புதிய தேதி; ஓவர்டைம் மணி, யார் ஒப்புதல்; வெளியே கொடுத்த செலவு, பில் எண்; எடுத்த முடிவு, எடுத்தவர், நேரம். ஒப்பிடுவதற்கு முந்தைய 12 மாத விற்பனை, இருப்பு, வசூல் அறிக்கைகளை மாதாமாதம் அச்சிட்டு நெட்வொர்க்குக்கு வெளியே ஒரு அலமாரியில் பூட்டி வையுங்கள். காப்பீட்டு பாலிசியின் நகலும், வங்கி மேலாளர், தடய ஆய்வு நிறுவனம் ஆகியோரின் தொலைபேசி எண்களும் அதே அலமாரியில் இருக்கட்டும்.